எட்டாவது பிளக்

நாடின் ஈரப் பஞ்சை அப்பாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது, போர்வைமேல் கிடந்த கைகள் மறுபடி எண்ணத் தொடங்கின. கட்டைவிரல் ஒவ்வொரு விரலாகத் தொட்டுக்கொண்டு போகும். வலக்கையில் நான்கு. இடக்கையில் மூன்று. சுண்டுவிரலுக்கு வராமலே நின்றுவிடும். பிறகு முதலிலிருந்து.

உயிர் போகிற நேரத்தில் எல்லாருமே இப்படித்தான் துழாவுவார்கள் என்று காலையில் நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

தம்பி லைல் கதவிடுக்கில் தலையை நீட்டினான். உடம்பில் அப்பாவின் பழைய ரேஸ் சட்டை, தோளில் இறுகிக் கிடந்தது.

"ஜன்னலைத் திறந்து வைக்கா. பத்து நிமிஷத்துல அப்பா காதுல வண்டிச் சத்தம் விழும்."

"ஸ்பார்க் பிளக்கெல்லாம் கழட்டிப் பாத்தியா?"

"அப்பாவே பாத்து வச்சிட்டாரு. பழசெல்லாம் மேசைமேல வரிசையா கெடக்கு, எஞ்சின்ல புதுசு இருக்கு. சின்னப்புள்ளைல எனக்கு மூக்கு சிந்திவிட்டதெல்லாம் போதும், போ."

நாடின் ஜன்னலைத் திறந்தாள். பேக்கர்ஸ்ஃபீல்டுக் குளிர்காலத்து மூடுபனி வாதாம் தோப்பை முழுசாக விழுங்கியிருந்தது.

அப்பா அந்த நீள ரேஸ் வண்டியைக் கால் மைல் தூரம் அம்பாகப் பறக்கவிட்ட காலம் போய் நாற்பது வருஷமாகிறது. இப்போதெல்லாம் பழைய ரேஸ்காரர்கள் கூடுமிடத்தில் பின்னாலிருந்து டிரக்கால் தள்ளி, எஞ்சினை உறுமவிட்டுக் கேட்பதோடு சரி. அதற்கும் அந்த வீட்டில் ஒரு கட்டாயம் உண்டு. தள்ளுவதற்கு முன் எட்டு பிளக்கையும் கழற்றி, எந்தச் சிலிண்டரிலும் எரிபொருள் கசிந்து தேங்கவில்லை என்று பார்த்தாக வேண்டும். 1966இல் அதைப் பார்க்காமல்தான் சித்தப்பா கிளீட் ஓட்ட உட்கார்ந்தார். பிஸ்டன் அழுத்தியும் தேங்கிய திரவம் நசுங்கவில்லை, எஞ்சின் வெடித்தது. ஓட்டுகிறவன் முகம் அதற்கு ஒரு முழம் பின்னால். பிளந்த ஹெல்மெட் இன்னும் கொட்டகை ஆணியில் தொங்குகிறது. அதை யாரும் துடைத்ததில்லை.

மூன்று நாள் முன்பு அப்பா சுருண்டு விழுந்ததும் அந்த வண்டிக்குப் பக்கத்தில்தான்.

கைகள் எண்ணின. நான்கு. மூன்று. நின்றன.

பஞ்சு கீழே விழுந்தது. நாடின் கொட்டகைக்கு ஓடினாள்.

கொட்டகை காலியாக இருந்தது. மேசையில் பழைய பிளக்குகள் பல்வரிசைபோல் கிடந்தன. எண்ணினாள். ஏழு.

தோப்புப் பாதையின் கடைசியில், பனிக்குள் எங்கேயோ, அப்பாவின் கூட்டாளி ரூபனின் டிரக் உறுமி நகர்ந்தது. வீட்டைப் பார்த்துத்தான் தள்ளி வருவார்கள். ஜன்னலருகே வந்ததும் லைல் உருளும் சக்கரத்தோடு எஞ்சினைக் கோர்த்துக் கிளப்புவான். கத்தினால் கேட்காது. நாடின் பாதை நடுவே போய் நின்று இரண்டு கையையும் தூக்கினாள். பனியில் தன் விரல்களே அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

முதலில் மெல்லிய முன்சக்கரங்கள் வந்தன. சரளை சீறியது. அவள் பாவாடையை உரசி நின்றது வண்டி.

"செத்திருப்பியே," என்றான் லைல்.

"மேசையில ஏழுதான் இருக்கு."

ரூபன், எழுபது வயசுக்காரர், டிரக்கிலிருந்து ஸ்பானரோடு இறங்கினார். கிளீட்டை வண்டியிலிருந்து தூக்கியவர் அவர்தான். கடைசிச் சிலிண்டரின் பழைய பிளக்கைக் கழற்றி, எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றினார். துளையிலிருந்து எரிபொருள் பீறிட்டு அவர் சட்டையை நனைத்தது. லைல் இறங்கிப்போய்ப் பின்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். மூவர் கண்ணிலும் நீர். நைட்ரோ எரிபொருளின் நெடிக்கு யார் கண்ணும் கலங்கும்.

ரூபன் புதுப் பிளக்கை முடுக்கி முடித்ததும் லைல் கேட்டான்: "இப்பவாவது கேக்க வைக்கலாமாக்கா?"

அவள் ரூபனைப் பார்த்தாள். ரூபன் சரியென்று தலையசைத்தார்.

உள்ளே அப்பாவின் கைகள் ஏழில் நின்றிருந்தன. மார்பு எப்போதோ ஒரு தரம் ஏறியது. நாடின் இடக்கைக் கட்டைவிரலை எடுத்துச் சுண்டுவிரலின்மேல் வைத்தாள்.

"எட்டுப்பா."

கை அங்கேயே இருந்தது.

வெளியே வண்டி இடியாக எழுந்தது. கண்ணாடிகள் அதிர்ந்தன, தம்ளர்த் தண்ணீரில் வட்டம் வட்டமாக நடுக்கம். பிறகு சத்தம் அறுந்தது. நாடின் கட்டிலைப் பார்க்கவில்லை. தண்ணீர் அடங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.