கமலாம்பிகை ரீச்சரின் கணக்கு

1985ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், யேர்மனியின் பீலெஃபெல்டுக்குப் பக்கத்து அகதிகள் விடுதியின் மூன்று கட்டில் அறை ஒன்றுக்கு, ஒரே நாளில் ஒரே கையெழுத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று இராசலிங்கத்துக்கு, மற்றது சிறீதரனுக்கு. மூன்றாம் கட்டில்காரன் அரியரத்தினத்துக்கு ஒன்றுமில்லை. அனுப்பியவளோ அவன் கட்டப்போகிற பெண்.

கமலாம்பிகை ஊரில், உடுவில் பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர். படத்தில் பார்த்த நாள் தொடக்கம் அரியரத்தினத்துக்கு அவள்மேல் ஒரே பித்து. சாதகம் பொருந்தி, குடும்பம் பொருந்தி, எல்லாம் சரியாக வந்த சம்பந்தம். ஒன்றுதான் பிழை. ஊரில் கலியாணப் பேச்சுக்கால் நடத்திய மாமா, "பொடியனுக்கு விசா கிடைச்சிட்டுது" என்று சொல்லிவைத்துவிட்டார். விசாவாவது மண்ணாங்கட்டியாவது! தஞ்சம் கேட்டுப் போட்ட மூன்று பேருடைய அசூல் வழக்கும் இழுபட்டுக்கொண்டு கிடந்தது. வேலை செய்ய அனுமதியில்லை, மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதியில்லை. உண்மையை எழுதிவிடுவோம் என்று அரியரத்தினம் ஆறு தரம் பேனை எடுத்தான். ஆறு தரமும் குளிரைப் பற்றி எழுதி ஒட்டி அனுப்பினான். பயந்தாங்கொள்ளி, வேறென்ன.

இரண்டு கடிதத்திலும் ஒரே விஷயம்தான் இருந்தது. அந்த அறையில் முன்பு இருந்துவிட்டுப் பாரிசுக்குப் போன அவளுடைய சின்னம்மாவின் மகன் ஒரு கதை சொன்னானாம். அரியரத்தினத்தின் கூட்டாளிகள் இருவரில் ஒருவர் பொய்யே சொல்லமாட்டாராம், மற்றவர் உண்மையே சொல்லமாட்டாராம். எவர் எப்படி என்று அவன் சொல்லவில்லையாம். ஆகையால் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறாளாம். 'அரியரத்தினத்துக்கு விசா இருக்கிறதா என்று மற்றவரிடம் நான் கேட்டால், அவர் ஓம் என்பாரா, இல்லை என்பாரா?'

எவர் எப்படி என்பது விடுதியில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது வெயில் என்பான் இராசலிங்கம், அதில் அவனுக்குக் காலணா ஆதாயமும் இராது. சிறீதரன் நேர் மாறு. அசூல் விசாரணையில் எல்லோரும் தாங்கள் பட்ட கஷ்டத்தோடு கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் சொல்லிக்கொடுத்த இரண்டு கஷ்டத்தையும் சேர்த்துச் சொல்ல, இவன் மட்டும், "என்னை ஒருத்தரும் அடிக்கேல்லை, அடிப்பாங்கள் எண்டு பயந்து வந்தனான்" என்றான். முதல் நிராகரிப்புக் கடிதம் அவனுக்குத்தான் வந்தது, இப்போது அப்பீலில் இருக்கிறான்.

இராசலிங்கம் யோசிக்கிற சாதி இல்லை. சிறீதரன் ஓம் என்றுதான் சொல்லுவான், விசா பத்து வருஷத்துக்குக் குத்தியிருக்கிறது, அரியரத்தினம் அடுத்த மாதம் கார் எடுக்கிறான் என்று நாலு பக்கம் எழுதி அன்றைக்கே தபாலில் போட்டுவிட்டான்.

சிறீதரன் இரண்டு நாள் அந்தக் கடிதத்தோடு குந்தியிருந்தான். மூன்றாம் நாள் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"மச்சான், இவ பொல்லாத ஆள். என்னட்டைக் கேட்டது இராசலிங்கம் என்ன சொல்லுவான் எண்டு. அவன் ஓம் எண்டு பொய்தான் சொல்லுவான். அதை நான் உள்ளபடி எழுதினா நானும் ஓம் எண்டுதான் எழுதவேணும். ரெண்டு ஓமையும் வைச்சு அவ இல்லை எண்டு எடுத்திடுவா."

அரியரத்தினத்துக்கு விளங்க ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் பிடித்தது. எந்தப் பதிலை எடுத்தாலும் பொய்யனின் புரட்டு ஒருமுறை அதில் கலந்துதான் வரும். வந்த பதிலைத் தலைகீழாகப் போட்டால் உண்மை கையில். எவர் பொய்யன் என்றுகூட அவளுக்குத் தெரியத் தேவையில்லை.

இராசலிங்கம் தலையில் கைவைத்துக்கொண்டான். பாடுபட்டுச் சொன்ன பொய் உண்மையாய்ப் போய்ச் சேர்ந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? சிறீதரன் இல்லை என்று எழுதட்டும், இரண்டு பதிலும் இரண்டு மாதிரி இருந்தால் அவள் குழம்பிப்போவாள் என்றான். அப்படி எழுதுவதென்றால், இராசலிங்கம் உண்மை பேசுவான் என்று சிறீதரன் எழுதவேண்டும். அதைவிடப் பெரிய பொய் யேர்மனியில் கிடையாது.

சிறீதரன் அரியரத்தினத்தின் முகத்தைப் பார்த்தான்.

"நீ உள்ளதை எழுது, மச்சான்," என்றான் அரியரத்தினம். வாய்தான் சொன்னது. மனம், ஐயோ, மாற்றி எழுதடா என்று கெஞ்சிக்கொண்டிருந்தது.

சிறீதரன் ஒற்றை வரி எழுதினான், ஒருவருக்கும் காட்டாமல் ஒட்டினான், தெருமுனையில் இருந்த மஞ்சள் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து மிச்ச வெங்காயத்தை வெட்டினான்.

மார்கழியில் அரியரத்தினத்தின் பெயருக்கே கடிதம் வந்தது.

'கணக்குப்படி இரண்டு பதிலும் ஒன்றாக வந்திருக்கவேண்டும். ஒன்று ஓம் என்கிறது, மற்றது இல்லை என்கிறது. அப்படியென்றால் இருவரில் ஒருவர் தன் குணத்தை மாற்றிவிட்டார். இராசலிங்கம் அண்ணை கார் வரைக்கும் போய்விட்டார், பொய்யர் அவர்தான், அவர் மாறவில்லை. மாறியவர் சிறீதரன் அண்ணைதான். பொய்யே சொல்லாத மனிதர் உங்களுக்காக ஒன்று சொல்லியிருக்கிறார். விசா இருந்திருந்தால் அவருக்கு அந்தத் தேவை வந்திராது. ஆனால் நான் இன்னும் உங்களைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். விசா இருக்கிறதா?'

அரியரத்தினம் கடிதத்தோடு சமையலறைக்கு ஓடினான். சிறீதரன் அரிசி கழுவின கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டு வாசித்தான். காது மடல் சிவந்துவிட்டது.

"பிறந்ததுக்கு ஒரு பொய்தான் சொன்னன். அதுவும் பிடிபட்டுப் போச்சு."

"ஏன்ரா எழுதினனீ?"

"அவவின்ரை கடிதம் வாற நாளிலை நீ ரெண்டு கோப்பை சோறு கூடத் தின்னுறாய். அதைப் பாத்துக்கொண்டு ஓம் எண்டு எழுத எனக்கு ஏலாமல் போச்சு, மச்சான்."

தன் வழக்குக்கே பொய் சொல்லாதவன். கூடப் பிறந்தவனும் இப்படிச் செய்யமாட்டான் என்று அரியரத்தினம் நினைத்தான், அரிசிச் சட்டியை வாங்கித் தானே அடுப்பில் வைத்தான். இராசலிங்கம் வாசலில் நின்று, சிறீதரன் தன்னை உண்மை பேசுகிறவன் என்று ஊருக்கு எழுதி மானத்தை வாங்கிவிட்டான் என்று புறுபுறுத்தான். பிறகு பக்கத்தில் வந்து, விசா தையில் வருகிறது என்று எழுதிவிடச் சொன்னான்.

அரியரத்தினம் அன்றைக்கே எழுதினான். 'இல்லை. வருமோ என்றும் தெரியாது. திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். இதை முதலிலேயே சொல்லாதது என் பயம். வேண்டாமென்றால் உங்களைக் கோவிக்கமாட்டேன். ஆனால் தாங்கமாட்டேன்.'

பிறகு ஆறு கிழமை தபால்காரன் வெறுங்கையோடு போனான். அரியரத்தினம் அரைக் கோப்பை சோற்றையும் அளைந்துவிட்டு எழும்பினான். அவள் வரமாட்டாள் என்று ஒருவரும் சொல்லவில்லை, வருவாள் என்று சொல்ல இராசலிங்கத்துக்கே வாய் வரவில்லை.

மாசியில் நீலக் கடிதம் வந்தது. தனக்குக் கண் தெரியவில்லை என்று அரியரத்தினம் அதைச் சிறீதரனிடம் நீட்டினான். சிறீதரன் சத்தமாக வாசித்தான்.

'மூன்று பேரில் ஒருவராவது உண்மை எழுதினீர்களே. எனக்கு அது போதும், வருகிறேன்.'