குலேந்திரன் வீட்டில் நான் சாப்பிடவில்லை

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு காரியத்தை நேரே நின்று கேட்கத் தெரியாது. ஒரு சம்மதம் வேண்டுமென்றால் முன்னால் வந்து இருந்து, இதுதான் விஷயம், ஓமோ இல்லையோ என்று கேட்கவேண்டும். கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவான் என்று பயம். அதனால் சுற்றிக்கொண்டு வருவார்கள். கேக் வெட்டக் கூப்பிடுவார்கள், கடற்கரைக்குக் கூப்பிடுவார்கள், சாப்பிடக் கூப்பிடுவார்கள். போனால் அங்கே வேறொன்று வைத்திருப்பார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் என்னை ஒருவன் ஏமாற்ற வந்தால் அது எனக்குத் தூரத்திலேயே மணக்கும். அன்றைக்கு மட்டும் மணக்கவில்லை. பொரித்த மீன் மணம் அதை மூடிவிட்டது.

என் மகன் சிந்துஜன், சாரங்கா என்ற பிள்ளையை விரும்புகிறான். பிள்ளையில் எனக்குக் குறை இல்லை. ஒரு பல் டொக்டரிடம் வேலை செய்கிறாள், பெரியவர்களைக் கண்டால் எழும்புகிறாள். தகப்பன் குலேந்திரன்தான் எனக்குப் பிடிபடவில்லை. தாயில்லாத பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, யுத்தம் முடிந்த பிறகு வன்னியிலிருந்து பலெர்மோவுக்கு வந்த ஆள். எனக்குத் தெரிந்த ஒருவரையும் அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தவர்களை எனக்குத் தெரியாது. என்ன வேலை என்று முதல்நாளே கேட்டேன்.

"ஒரு ரெஸ்ரோரன்ரிலை நிக்கிறன் அண்ணை" என்றார்.

நிற்பது ஒரு வேலையா? கோப்பை கழுவுகிறாரா, கூட்டுகிறாரா, வாசலில் காவல் நிற்கிறாரா? மேலே ஒரு சொல் வரவில்லை. மறைக்க ஒன்றும் இல்லாதவன் இவ்வளவு சுருக்கமாகக் கதைக்கமாட்டான் என்று எனக்குப் பட்டது. இப்போதும் படுகிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. சம்பந்தம் முடிவாகுமுன் பெண் வீட்டில் தேத்தண்ணீர் குடிக்கலாம், கை நனைக்கக் கூடாது. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிறகு வாயைத் திறந்து இல்லை என்று சொல்ல முடியாது. கபோ சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருக்கிற குலேந்திரன் வீட்டுக்கு இரண்டு தரம் போனோம். இரண்டு தரமும் மேசை நிறையச் சோறும் கறியும் வைத்திருந்தார்கள். இரண்டாம் தரம் நண்டுக்கறியின் வாசம் படியேறும்போதே மூக்கைப் பிடித்து இழுத்தது. நான் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பினேன். குலேந்திரன் சட்டிகளை ஒவ்வொன்றாக மூடினார். வீட்டுக்கு வந்ததும் என் மனிசி ரதி சண்டைக்கு வந்தாள்.

"அந்த மனிசன்ரை முகத்தைப் பாத்தனீங்களே? இன்னும் எத்தினை தரம் அவரைச் சட்டி மூட வைக்கப் போறியள்?"

"விசாரிச்சு முடியட்டும்."

"ஆரிட்டை விசாரிக்கப் போறியள்? போனுக்கும் காசு போடுறேல்லை, ஒருத்தரோடையும் கதைக்கிறதும் இல்லை."

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் சிந்துஜன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காரை எடுத்துக்கொண்டு வந்தான். "அப்பா, வெளிக்கிடுங்கோ. ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போய் மீன் சாப்பிடுவம். நீங்கள், அம்மா, நான், சாரங்கா. வேறை ஒருத்தரும் இல்லை."

"தகப்பன் வாறாரோ?"

"இல்லையப்பா. அவருக்கு இண்டைக்கு வேலை."

நான் யோசித்துப் பார்த்தேன். ரெஸ்ரோரன்ட் யாருடைய வீடும் இல்லை. கூட்டிக்கொண்டு போகிறவன் என் மகன். பெண் பக்கத்தில் பெரியவர்கள் ஒருவரும் வரவில்லை. அங்கே சாப்பிடுவதில் ஒரு பிழையும் இல்லை. வேட்டி கட்டச் சொல்லாமல், காற்சட்டையோடு வரச் சொன்னதே எனக்குப் பிடித்திருந்தது. போனேன்.

கடலுக்கு எதிரே, வள்ளங்கள் இழுத்து வைத்திருக்கிற இடத்தில் அந்தக் கடை. மேசைக்கு வெள்ளைக் கடதாசி விரித்து, காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலையிலும் கவ்வி போட்டிருந்தார்கள். பிளாஸ்ரிக் கதிரை. பக்கத்து மேசையில் ஞானஸ்நானம் முடித்து வந்த ஒரு குடும்பம் பத்து மேசைக்காரருக்குக் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தது. என்ன வேண்டும் என்று இந்த இடத்தில் கேட்க மாட்டார்கள். நீங்கள் இருந்தால் சாப்பாடு வரும். ஒரு தட்டு வெறுமையானால் அடுத்தது வரும். போதும் என்று நீங்கள் கும்பிடும் வரைக்கும் வரும். இதுவும் ஒரு நடப்பா என்று எனக்கு எரிச்சல். எனக்கு என்ன பசி, என்ன வருத்தம் என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்?

முதலில் புளி விட்ட நெத்தலி வந்தது. பிறகு அவித்த ஒக்டோபஸ். பிறகு மிளகு அள்ளிப் போட்ட மட்டி. ஒவ்வொன்றும் வர சிந்துஜனும் சாரங்காவும் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். சூடு போகிறதே என்ற கவலை ஒருவருக்கும் இல்லை.

"மாமா, இன்னும் கொஞ்சம் மட்டி போடட்டே?" என்றாள் சாரங்கா.

இப்போதே மாமாவாம். நான் தட்டை நீட்டினேன். மிளகு நன்றாகப் பிடித்திருந்தது. இந்த ஊர்க்காரர் மிளகுக்குப் பயந்தவர்கள். இங்கே எப்படி என்று எனக்கு ஒரு சின்ன யோசனை வந்தது. அதற்குள் றால் வந்துவிட்டது.

பிறகு அடைத்த சாளைமீன். மீனை விரித்து, உள்ளே பாண் தூளும் முந்திரிகைப்பழ வற்றலும் வைத்துச் சுருட்டிச் சுடுவார்கள். நான் முப்பது வருடம் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை செய்தவன். அவள் வீட்டில் வற்றல் அங்கொன்று இங்கொன்றாகத்தான் இருக்கும். இவர்கள் பாயசத்துக்குப் போடுவதுபோலப் போட்டிருந்தார்கள். மீனுக்குள் ஏன் இவ்வளவு இனிப்பு? ஒன்றைச் சாப்பிட்டேன், கோபம் வந்தது. கோபத்தோடு இன்னொன்றைச் சாப்பிட்டேன். கடைசியில் தட்டில் வால்கள் மட்டும் கிடந்தன. நான் கையைத் தட்டி முதலாளியைக் கூப்பிட்டேன்.

"வேண்டாம் அப்பா, இருங்கோ" என்று சிந்துஜன் என் கையைப் பிடித்தான். சாரங்காவின் முகம் ஒரு மாதிரியாகப் போனது. நான் கவனித்திருக்கவேண்டும். கவனிக்கவில்லை.

முதலாளியின் பெயர் டோட்டோ. பெரிய வயிறு, அதைவிடப் பெரிய குரல். வற்றல் கூடிப்போயிற்று, மீன் சமைக்கத் தெரியாதவன்தான் இனிப்பால் மூடுவான் என்று இத்தாலியனில் சொன்னேன். அவன் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு என் தட்டைப் பார்த்தான்.

"சிஞ்ஞோரே, இந்தத் தட்டை இனிக் கழுவத் தேவையில்லை. நீங்களே கழுவிவிட்டீர்கள். பிறகு குறையா?" என்றான். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்கள். அவனுக்கு அது போதவில்லை. குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினான். "குலே! வெளியே வா! உன் ஊர்க்காரர் ஒருவர் உன் சமையலைப் பழிக்கிறார்!"

ரதி கடலைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருடம் பலெர்மோவில் இருந்து அந்தக் கடலை அவள் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது.

குலேந்திரன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வெள்ளை ஏப்ரனில் கணவாய் மை கறுப்பாகப் படிந்திருந்தது. என்னைக் கண்டதும் அப்படியே நின்றார்.

"அண்ணை... நீங்கள் எப்ப வந்தனீங்கள்?"

நான் சிந்துஜனைப் பார்த்தேன். "தகப்பன் வரேல்லை எண்டெல்லோ சொன்னனி?"

"வேலை எண்டுதானே சொன்னனான்? வேலையிலைதானே நிக்கிறார்?" பல்லைக் காட்டினான். "அப்பா, விடுங்கோ. சாரங்கான்ரை அப்பா சமைச்சதை வயிறு நிறையச் சாப்பிட்டியள். கை நனைச்சாச்சு. உங்கடை முறைப்படியே எல்லாம் முடிஞ்சுது."

"என்னடா முடிஞ்சுது?"

"இஞ்சாருங்கோ, சத்தம் போடாதையுங்கோ" என்றாள் ரதி. "சாப்பிட்டதெண்டால் சாப்பிட்டதுதான். மட்டி ரெண்டாந்தரமும் வாங்கினனீங்கள்."

"அப்ப நீயும் இதிலை கூட்டோ?"

"ஓம், கூட்டுத்தான். வேறை என்ன செய்யிறது? உங்களிட்டை நேரை கேட்டு ஆருக்கு மறுமொழி கிடைச்சது?"

என் சொந்த மனிசியும் பிள்ளையும் ஒரு தட்டு மீனை வைத்து என் வாயிலிருந்து ஓம் என்ற சொல்லைக் களவெடுக்கப் பார்த்திருக்கிறார்கள். கேட்டு வாங்க வேண்டியதை இப்படியா வாங்குவது? எலிக்குத்தான் தேங்காய்ச் சொட்டு வைப்பார்கள். நான் எழும்பிக் கதிரையைத் தள்ளினேன். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குமுன் குலேந்திரன் கத்திவிட்டார்.

"சிரிக்காதையும் தம்பி!"

சிந்துஜன் சிரிப்பை நிறுத்தினான். குலேந்திரன் மகளிடம் திரும்பினார். "நீயும் சேந்தோ இதைச் செய்தனி?"

"பப்பா, அப்பிடியில்லை... நாங்கள் சும்மா ஒரு..."

"சும்மாவோ? என்ரை வீட்டிலை விடியவெள்ளண எழும்பிச் சமைச்சு வைச்சன். இவர் தொடேல்லை. எனக்கு நொந்தது, இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனால் மனம் வராமல் தொடமாட்டன் எண்டு எழும்பிப் போற ஆளை எனக்கு விளங்கும். இது என்ன வேலை? ஆருக்கு அனுப்பிறன் எண்டு தெரியாமல், பத்து மேசைக்குப் போறதோடை சேத்து, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நான் சம்பந்திக்குச் சாப்பாடு போடுறதோ? அவ்வளவுதானோ என்ரை மரியாதை?"

டோட்டோ எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, வந்த வழியே மெல்லப் போனான்.

குலேந்திரன் என் பக்கம் திரும்பினார். "அண்ணை, இது டோட்டோன்ரை அடுப்பு, டோட்டோன்ரை மீன். நான் சம்பளத்துக்குச் சமைச்சன். இது என்ரை வீட்டுச் சாப்பாடு இல்லை. நீங்கள் கை நனைக்கேல்லை."

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். "உமக்கு உண்மையாத் தெரியாதோ?"

"தெரிஞ்சிருந்தால் இப்பிடியே தட்டை அனுப்பியிருப்பன்?"

"அப்ப நிக்கிறன் எண்டு ஏன் சொன்னனீர்? சமைக்கிறன் எண்டு சொன்னால் வாய் நோகுமோ?"

"காலமை துவங்கி நிண்டுதானண்ணை சமைக்கிறது. நோகிறது கால்தான்."

"சாளைக்கு வத்தல் கூட."

"அது டோட்டோன்ரை தாய் சொன்ன அளவு. மனிசி உள்ளுக்கைதான் இருக்குது. வேணுமெண்டால் போய்ச் சொல்லுங்கோ."

நான் போகவில்லை.

சிந்துஜனுக்குப் பொறுக்கவில்லை. மேசையில் கையால் அடித்தான். "அப்ப இவ்வளவும் வீணோ? ஒருத்தற்றை ஓமும் எங்களுக்குத் தேவையில்லை. கொமூனே கந்தோரிலை போய் எழுதிக் கலியாணம் கட்டுவம். ஆர் தடுக்கிறது?"

"நான் தடுப்பன்" என்றார் குலேந்திரன். குரலை உயர்த்தவில்லை. "உம்மடை அப்பா என்ரை வீட்டு வாசலாலை வந்து, இருந்து, தெரிஞ்சுகொண்டு சாப்பிட்டு, ஓம் எண்டு சொல்லவேணும். அதுக்குப் பிறகுதான் எழுத்து."

"பப்பா!" என்று சாரங்கா அழத் தொடங்கினாள். ரதி அவளை அணைத்துக்கொண்டு, அழ வைத்தது நான் என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

அன்று அந்தக் கடையில் என் சொல்லுக்கு ஒரு பெறுமதி இருக்கிறது என்று சொன்னவர், நான் நம்பாத அந்த ஒரு ஆள் மட்டும்தான். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கூட்டியது. சொந்தப் பிள்ளை அழுகிறது, அதை விட்டுவிட்டு எனக்காகக் கதைக்கிறார். யார் அப்படிச் செய்வார்கள்? மரியாதைக்குச் செய்கிறாரா? அல்லது இப்படிச் சொன்னால் நான் இளகிவிடுவேன் என்று கணக்குப் போட்டாரா? அவர் மகளும் என் மகனும் போட்ட பொறி பிழைத்துப்போக, அந்த இடத்திலேயே இதைவிடப் பெரிய பொறி ஒன்றை அவர் போட்டிருக்கவும் கூடும்.

நான் தொப்பியை எடுத்தேன். உள்ளேயிருந்து அடுத்த தட்டு வந்துகொண்டிருந்தது. வாள்மீன் போலக் கிடந்தது. நான் பார்க்கவில்லை.

"எங்கை போறியள்? காரிலை போவம்" என்றாள் ரதி.

"உங்கடை காரிலை நான் ஏறமாட்டன். அதுக்குள்ளை ஐயரை ஒளிச்சு வைச்சிருந்தாலும் வைச்சிருப்பியள்."

குலேந்திரன் வாசல்வரை கூடவே வந்தார். "வாற ஞாயிறு கடை பூட்டு. வீட்டை வாங்கோ அண்ணை. வந்து சாப்பிடுங்கோ. இல்லாட்டி முந்தி மாதிரித் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்பிப் போங்கோ."

"ஞாயிற்றுக்கிழமை மீன் கடையைப் பூட்டுறவையோ? இதை நான் நம்பவேணுமோ?"

"டோட்டோன்ரை பேத்திக்குக் கலியாணம்."

எல்லாவற்றுக்கும் ஒரு மறுமொழி வைத்திருக்கிறார். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. கேட்டவுடன் சரியான மறுமொழி வருகிற ஆளை இரண்டு மடங்கு விசாரிக்கவேண்டும். "பாப்பம்" என்று மட்டும் சொன்னேன். ஓம் என்று சொல்லவில்லை. பாப்பம் அவர் காதில் விழுந்தது, நான் சொல்லாததும் விழுந்தது.

பஸ் நிற்கிற இடத்துக்குக் கடற்கரையோடு நடந்தேன். பின்னால் சிந்துஜன் இரண்டு தரம் கூப்பிட்டான். நான் திரும்பவில்லை. வன்னியில், கனகராயன்குளத்தில், என் பழைய கூட்டாளி அருளையாவின் தம்பி இருக்கிறான். குலேந்திரன் அந்தப் பக்கத்து ஆள் என்றால் அவனுக்குத் தெரியாமல் இராது. ஞாயிறு வருவதற்குள் அவனோடு கதைக்க வேண்டும், அவன் நல்லது சொன்னால் இன்னொருவனையும் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன்.