கை வைத்த படம்

பல் டாக்டருக்குப் பல் வலி வந்தால் இன்னொரு டாக்டரிடம்தான் போவார். முடி வெட்டுகிறவர் தன் தலையைத் தானே வெட்டிக்கொள்வதில்லை. ஆனால் டச்சப்காரரிடம் போய், உங்கள் மனைவியின் விசாவுக்கு வேறு ஸ்டூடியோவில் படம் எடுங்கள் என்று எவனாவது சொல்லியிருந்தால், அவனை அதற்கப்புறம் கடைப் படி ஏற விட்டிருக்க மாட்டார். யாரும் சொல்லவுமில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

டச்சப்காரர் என்பது தெரு வைத்த பெயர். மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் அவருடைய ஸ்டூடியோ, மாடியில் வீடு. ஃபிலிம் காலத்தில் கூர் சீவிய பென்சிலை வைத்துக்கொண்டு நெகட்டிவின் மேலேயே முகங்களைச் சீர் செய்தவர். கம்ப்யூட்டர் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். பரு போகும், கருவளையம் போகும், இரட்டை நாடி ஒற்றையாகும். அவரிடம் படம் எடுத்தவர்கள் அதற்குப் பிறகு கண்ணாடி பார்ப்பதை விட்டுவிடுவார்கள் என்று மருந்துக்கடைக்காரர் கேலி செய்வார். டச்சப்காரர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பேச்சும் அப்படித்தான், தேவைக்கு மேல் ஹாரன் அடிக்க மாட்டாள். அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு பலவீனம் உண்டு என்றால், அது கடல் தாண்டிக் கல்யாணமாகிப் போன தங்கைதான். போன வருஷம் அந்தத் தங்கைக்கு மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன் ஆகி, மருந்து ஏற்றி, தலைமுடி கொட்டி, எல்லாம் ஆகிவிட்டது. அத்தனையையும் அக்கா ஃபோன் திரையில்தான் பார்த்தாள். வரட்டுமா என்று கேட்கும்போதெல்லாம், எனக்கென்ன, ராணி மாதிரி படுத்திருக்கேன், நீ வந்து என்ன பண்ணப் போறே என்று தங்கை சிரித்தே மழுப்பிவிடுவாள். அக்காவுக்கும் வேனை விட்டுவிட்டுக் கிளம்ப வழியில்லாமல் இருந்தது. இப்போது சிகிச்சை முடிந்துவிட்டது. பள்ளிக்கூடம் விடுமுறை விடப்போகிறது. இந்த விடுமுறையை விட்டால் அடுத்த வருஷம்தான். யாரையும் கேட்காமல் அவள் டூரிஸ்ட் விசாவுக்கு விண்ணப்பம் போட்டாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து விடுப்புக் கடிதம், பேங்கிலிருந்து வாங்க வேண்டியது, தங்கை அனுப்பிய அழைப்பு என்று எல்லாவற்றையும் அவளே அலைந்து சேர்த்தாள். புருஷனிடம் விட்டது ஒன்றே ஒன்று, படம்.

விசா மையத்தில் கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்த படத்தைப் பார்த்தாள், எதிரில் இருந்த முகத்தைப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

“இது உங்க தங்கச்சி படமாங்க? மாத்தி ஏத்திட்டீங்களா?”

பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த டச்சப்காரருக்கு முதலில் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. மனைவியை அவ்வளவு இளமையாகக் காட்டியிருக்கிறோமே என்று. அந்தப் பெருமை ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

விஷயம் இதுதான். அவளுக்கு இடது புருவத்தை வெட்டிக்கொண்டு நெற்றிப்பொட்டு வரைக்கும் போகும் தழும்பு ஒன்று உண்டு. சின்ன வயதில் தங்கை இரும்புக் கேட்டில் தொற்றிக்கொண்டு ஊஞ்சலாட, கேட் வந்து அக்கா முகத்தில் அடித்த அடி. பாஸ்போர்ட் அலுவலகத்தில் அவர்களே எடுத்த படத்தில் அது பளிச்சென்று இருந்தது. புருஷன் எடுத்த படத்தில் புருவம் முழுசாக இருந்தது. தழும்பு இருந்த இடம் உரித்த முட்டையாக இருந்தது.

மேற்பார்வையாளர் வந்தார். திருத்திய படம் ஏற்கெனவே விண்ணப்பத்தோடு போய்விட்டது, இங்கே மாற்ற முடியாது, தூதரகத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள், புதுப் படமும் பழைய படங்கள் சிலவும் எடுத்துக்கொண்டு போய் அதிகாரியிடம் விளக்கம் சொல்லுங்கள் என்றார். குரலில் கடுமை இல்லை. அதுவே டச்சப்காரரை அதிகமாகப் பயமுறுத்தியது.

தெருமுனை டிராவல்ஸ்காரர் மிச்சப் பயத்தையும் போட்டார். படத்தில் கை வைப்பது பொய்க் கையெழுத்துப் போடுகிற மாதிரி, ஒரு தடவை மறுத்துவிட்டால் அந்த நாட்டுப் பக்கம் தலை வைத்துப் படுக்க முடியாது என்றார். ஊரில் உள்ளவன் முகத்தையெல்லாம் சரி செய்தவர், சொந்தப் பெண்டாட்டியின் முகத்தைத் திருத்தி அவளைக் கள்ளி ஆக்கிவிட்டார்.

அவள் கத்தவில்லை. வேனைக் கழுவினாள். கழுவிய வேனையே மறுபடியும் கழுவினாள். மாடிக்கு வந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

“இத்தனை வருஷமா என் மூஞ்சி உங்களுக்கு அவ்வளவு அசிங்கமாவா தெரிஞ்சுது?”

இல்லை என்று அவர் சொன்னார். அந்தத் தழும்பைக் கவனித்ததே இல்லை, கை அதுவாகப் போய்விடுகிறது என்று சொன்னார். உண்மையைத்தான் சொன்னார். ஆனால் சில உண்மைகள் சொல்லும்போதே பொய் மாதிரிதான் இருக்கும். அவள் கேட்டுக்கொண்டு, போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஸ்டூடியோவில் புதுப் படம். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, சிக்னலில் நிற்கிற மாதிரி நேராகப் பார்த்தாள். படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டதும், எழுந்து வந்து அவர் பின்னால் நின்றுகொண்டாள். நின்றது நல்லதாகப் போயிற்று. அவர் கை மௌஸை நகர்த்தித் தழும்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அவள் மௌஸை அவர் கையிலிருந்து எடுத்து மேஜையின் அந்தப் பக்கம் வைத்தாள்.

வேறு வேலை இல்லாததால் அவர் படத்தைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். புருவத்தில் தையல் போட்ட இடம் தனியாகத் தெரிந்தது. அதனால் அந்தப் புருவம் கொஞ்சம் தூக்கி, எதையும் சட்டென்று நம்பாத ஒரு களையை முகத்துக்குக் கொடுத்தது. அவளுடைய அந்தப் பார்வை எங்கிருந்து வருகிறது என்று அவர் இதுவரை யோசித்ததே இல்லை. அதை அழித்துவிட்டால் மிச்சம் இருப்பது யாரோ ஒரு சாதுவான பெண்பிள்ளை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

பழைய படங்களைத் தேட உட்கார்ந்தார்கள். அங்கேதான் அடுத்த இடி. கல்யாண ஆல்பத்தில் தழும்பு இல்லை. கடற்கரைப் படத்தில் இல்லை. முதல் வேன் வாங்கியபோது எடுத்த படத்தில் இல்லை. நெகட்டிவ் பெட்டியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அதிலும் பென்சில் ஏறியிருந்தது. பாஸ்போர்ட்டையும், முகமே தெரியாமல் மங்கிப்போன லைசென்ஸையும் விட்டால், சொந்த வீட்டில், சொந்தப் பெண்டாட்டிக்கு, கலப்படம் இல்லாத படம் ஒன்றுகூட இல்லை. தங்கையிடம் கேட்கலாம் என்றால், அவள் போகும்போது எடுத்துப்போன படங்களும் இவர் எடுத்துக் கொடுத்தவைதான்.

“எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. வேற வழி இல்ல” என்று மட்டும் அவள் சொன்னாள்.

நேர்முகத்துக்கு அவளை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். ஆல்பங்களைச் சுமந்துகொண்டு அவளே போனாள். டச்சப்காரர் வெளியே வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த ஏரிப் படத்தை முறைத்துக்கொண்டிருந்தார். நல்ல ஏரிதான். மூலையில் ஒரு மின்கம்பத்தை எடுத்திருக்கலாம் என்று தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டார். இந்த விசா கிடைக்காவிட்டால் அவள் அடுத்த வருஷம் வரை தங்கையைப் பார்க்க முடியாது. நோய் முடிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னாலும், அடுத்த வருஷம் என்ற வார்த்தையை அந்தக் குடும்பத்தில் யாரும் தைரியமாகச் சொல்வதில்லை. மனைவி திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், பேசாமல் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் தங்கைக்கு ஏதாவது ஆகி, இவள் போகாமல் இருந்துவிட்டால், அதற்கப்புறம் இவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்துக்கொண்டார்.

கதவு திறந்தது. படம் எடுத்தவர் யார் என்று கேட்டார்கள். கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி எழுந்தார்.

உள்ளே வெளிநாட்டு அதிகாரி ஒரு பெண்மணி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர். மேஜை முழுக்க அவர் வாழ்நாள் உழைப்பு விரிந்து கிடந்தது. தழும்பை ஏன் மறைத்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். மறைக்கவில்லை, யார் முகமாக இருந்தாலும் இப்படித்தான், பழக்கம் என்று சொன்னார். சொல்லும்போதே அது எவ்வளவு நோஞ்சான் பதில் என்று அவருக்கே தெரிந்தது. அதிகாரி ஆல்பத்தில் ஒரு படத்தில் விரலை வைத்து, கல்யாணத்தில் இவள் பக்கத்தில் நிற்கும் இந்த இளைஞர் யார் என்று கேட்டார்.

“நான்தாங்க.”

அதிகாரி படத்தில் இருந்த சுருட்டை முடியைப் பார்த்தார். எதிரில் மின்விளக்கின் கீழ் பளபளத்த தலையைப் பார்த்தார். அப்போது முடி இருந்ததா என்று கேட்டார். டச்சப்காரர் கொஞ்சம் தயங்கிவிட்டு, அப்போதே போய்விட்டது, அது பென்சில் என்றார். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதற்கப்புறம் நடந்தது விசாரணையா வேடிக்கையா என்று சொல்வது கஷ்டம். அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டி, இதில் என்ன, இதில் என்ன என்று கேட்டுக்கொண்டே போனார். டச்சப்காரர் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டார். பின்னால் சுவர் வெடித்திருந்தது, பூசிவிட்டேன். வேனில் ஒடுக்கு இருந்தது, எடுத்துவிட்டேன். கடற்கரையில் யாரோ ஒரு குண்டு ஆசாமி குறுக்கே வந்தார், அவரை அனுப்பிவிட்டேன். அவர் மனைவி முன்னால் குனிந்து ஒரு படத்தைப் பார்த்தாள். அக்காவும் தங்கையும் தோளில் கை போட்டு நிற்கும் படம்.

“இவளுக்கு முன்பல்லுல சந்து உண்டுங்க. விசிலே அடிப்பா. அதையும் அடைச்சு வச்சிருக்கார் பாருங்க” என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர வர, நிறுத்த முடியாமல் சிரித்தாள். தன் தழும்பை மட்டும்தான் அவர் ஒதுக்கினார் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். அந்த முடிச்சு அங்கேயே அவிழ்ந்துவிட்டது. இந்த மனிதன் உலகத்தில் எதையும் விட்டுவைக்கவில்லை. அதிகாரி கைரேகையையும் புதுப் படத்தையும் பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டார். கடைசியில் ஒரே ஒரு அறிவுரை சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சுருக்கமாகத் தமிழில் தந்தார்: “இனிமே வீட்டுக்காரம்மா படத்தை வேற யார்கிட்டயாவது எடுக்கச் சொல்றாங்க.”

ஒரு வாரம் கழித்து பாஸ்போர்ட் உறை வந்தது. அந்த வாரத்தில் டச்சப்காரர் சாப்பிட்டது தூங்கியதெல்லாம் கணக்கில் சேர்க்கிற மாதிரி இல்லை. வேன் அப்போதுதான் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து நின்றிருந்தது. அவள் இறங்காமல், ஸ்டியரிங்கில் வைத்தே உறையைக் கிழித்தாள். அவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கங்கள் புரண்டன. ஒரு பக்கத்தில் அவள் கை நின்றது. விசா இருந்தது. தேதி சரியாக இருந்தது. போன உயிர் திரும்பி வந்தவர் மாதிரி அவர் அப்படியே வேன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் தங்கைக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். விண்ணப்பம் போட்டதையே தங்கையிடம் பட்டும் படாமலும்தான் சொல்லியிருந்தாள். கிடைக்காவிட்டால் அந்த ஏமாற்றம் வேறு எதற்கு அவளுக்கு என்று, நடுவில் நடந்த கூத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

தங்கை வழக்கம்போல ஆரம்பித்தாள். முடி திரும்ப வளர்கிறது, இப்போது பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருக்கிறேன், கண்ணாடியைப் பார்த்தால் எனக்கே என்னைத் திட்டலாம் போல இருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தாள்.

“விசா வந்துடுச்சுடி. லீவு விட்ட அன்னைக்கே கிளம்பறேன்” என்றாள் அக்கா.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. லைன் போய்விட்டதோ என்று டச்சப்காரர் எட்டி ஃபோனைப் பார்த்தார். லைன் இருந்தது. பிறகு ஒரு குரல் வந்தது. ஒரு வருஷமாக அவர்கள் கேட்ட குரலே இல்லை அது.

“நீ வர முடியாதுன்னு நெனச்சுத்தான்க்கா இவ்வளவு நாள் சிரிச்சுப் பேசிட்டிருந்தேன்.”

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. விட்டு அழுதாள். ஆபரேஷனுக்கு அழாதவள், முடி கொட்டியபோது அழாதவள், வேனுக்குள் எல்லாச் சீட்டுக்கும் கேட்கிற மாதிரி அழுதாள். அக்கா அழாதே என்று சொல்லவில்லை. அவள் கண்ணும் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை.

“அழு. மிச்சத்தை நான் வந்ததும் அழுதுக்கலாம். வந்துடறேன்.”