கடலடியில் குடைகள்

தைவானின் வடக்கு முனையில், எங்கள் துறைமுக ஊரான கீலுங்கில் புயல் விடுமுறை. தெற்கே தைச்சுங்கில் விடுமுறை இல்லை. இந்த இரண்டு வரிக்கு நடுவில்தான் அன்றைக்கு நான் மாட்டிக்கொண்டிருந்தேன்.

தைச்சுங்கில் இருக்கும் அனிமேஷன் ஸ்டுடியோ ஒரு நிமிடப் படம் கேட்டிருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். பிடித்திருந்தால் வேலை. இல்லாவிட்டால் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீசில் பெரியம்மா எனக்காகப் பிடித்து வைத்திருக்கும் நாற்காலி. அதில் உட்கார்ந்து சரக்குப் பெட்டிகளின் எண்களை டைப் அடிக்கலாம், கண் மங்குகிறவரை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான் என்று அம்மா கோயிலில் சத்தமாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சாமி கேட்டதோ இல்லையோ, அவள் மீன் அப்பம் பொரித்து விற்கிற சந்தை முழுக்கக் கேட்டது.

ஸ்டுடியோ நேர்முகத்தில் கேள்வி கேட்ட ஆள், "வீட்டில் என்ன மெஷின் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டான். பக்கத்து நாற்காலிப் பெண் தன் அப்பா கம்பெனியில் ஓர் அறை நிறைய மெஷின்கள் இருப்பதாகச் சொன்னாள். நான் "நானே பாகம் வாங்கிப் பொருத்தினது" என்றேன். "ஓ, கைவேலை" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை இன்னும் துப்ப முடியவில்லை.

என் படம் இதுதான். கீலுங் துறைமுகத்தின் அடியில் இன்னொரு கீலுங். அங்கேயும் ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். கப்பல்களின் அடிவயிறு மேகம் மாதிரி தலைக்கு மேலே ஊர்கிறது. ஒரு குடை கையை விட்டு நழுவி, ஜெல்லி மீனாகி, பஸ் ஸ்டாப்பைத் தாண்டி மேலே மேலே போகிறது. அவ்வளவுதான். ஆனால் அந்தத் தண்ணீருக்குள் வெளிச்சம் விழுவதை ஒவ்வொரு சட்டமாக, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமாக, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வரைய வேண்டும். காலேஜ் காலத்துக் கிராபிக்ஸ் கார்டு அதைப் பார்த்ததும் படுத்துவிட்டது. கோடை முழுக்க டீக்கடையில் ஐஸ் டீ குலுக்கிய காசில் பெரிய கார்டு ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கிவந்தேன்.

அம்மா வாசலிலேயே மறித்தாள். "ஏழாம் மாசம்டீ. நல்ல அண்ணன்மார் தெருவுல திரியற மாசம். புதுசா எதையும் வீட்டுக்குள்ள கொண்டு வராதேன்னு எத்தன தடவ சொல்றது?" இந்த மாதத்தில் பேய் என்று வாயால் சொல்ல மாட்டாள், நல்ல அண்ணன்மார் என்பாள்.

"புதுசு இல்லம்மா. பழசு."

"அது இன்னும் மோசம். யாரு வீட்டுதோ என்னமோ."

அவள் பயத்துக்கு ஏற்ற மாதிரியே நடந்தது. முந்தின நாள் மதியம் கார்டைப் பொருத்தினேன். நன்றாக ஓடும். ஃபேன்கள் அமைதியாகச் சுற்றும், கடலடி ஒவ்வொரு சட்டமாக விடியும். திடீரென்று, ஒரு எச்சரிக்கையும் இல்லாமல், பொட்டென்று அணைந்துவிடும். திரும்பப் போட்டால் ஒன்றுமே நடக்காத முகத்தோடு எழுந்திருக்கும்.

முடிந்த சட்டங்கள் பிழைத்துக்கொள்ளும். பாதியில் இருந்தது செத்துப்போகும். நான் பெட்டியைத் திறந்து ரேமைக் கழற்றி, அதன் தங்கப் பல்லை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினேன். மழை ஊரில் எல்லாரும் முதலில் செய்வது இதுதான். ஓடியது. அணைந்தது. கார்டைக் கழற்றி மாட்டினேன். ஓடியது. அணைந்தது. சூடு பார்த்தேன், சூடே இல்லை. பக்கத் தகடு இல்லாமல் திறந்தபடி விட்டுப் பார்த்தேன். அப்போதும் அணைந்தது.

புயல் நாள் காலை, வெளிச்சம் பழைய எண்ணெய் நிறத்தில் இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கீழே இறங்காமல் பக்கவாட்டில் ஓடியது. எதிர் மாடியின் துணிக்கொடி தானாகவே ஆடியது. தெருவில் ஒரு ஆள் இல்லை. வீடு நங்கூரம் தூக்கிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருப்பது போல இருந்தது. கார்டு விற்ற போ-யென் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, செத்த கார்ட எங்கிட்ட தள்ளிட்டியா?"

"ஏய், வாய அளந்து பேசு. அது தங்கம். லீவு நாளுல நூடுல்ஸ் சாப்புடறவன எழுப்பித் திட்டற. ரேம் தேச்சியா?"

"தேச்சேன்."

"ரப்பர்ல?"

"இல்ல, நாக்கால. ரப்பர்லதான்."

"பவர் சப்ளை?"

"காலேஜ்ல போட்டதுதான். கணக்குக்குப் போதும்."

"கணக்குக்கு எல்லாம் போதும்." உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினான். "பெட்டி மேல என்ன வெச்சிருக்க?"

"பச்சைதான்."

பச்சை என்றால் பொரி பாக்கெட். இங்கே பேங்க் மெஷினிலிருந்து ஆஸ்பத்திரி ஸ்கேன் வரை எல்லாவற்றின் தலையிலும் ஒன்று உட்கார்ந்திருக்கும், மெஷின் சமர்த்தாக நடந்துகொள்ள. பச்சை உறைதான் வைக்க வேண்டும். மஞ்சளும் சிவப்பும் ஆகாது. பிரிக்கவே கூடாது.

"தேதி பாத்தியா?"

எடுத்துத் திருப்பினேன். போன மாதமே தேதி முடிந்திருந்தது. இரண்டு பட்டதாரிகள், ஒருவன் கம்ப்யூட்டர் விற்கிறவன், மற்றவள் படம் செய்கிறவள். எங்களுக்கு முதுகு சில்லிட்டது.

"போச்சு" என்றான் போ-யென் அண்ணன். "நல்ல பிள்ளைக்குப் பழைய சோறு போட்டுருக்க."

"இதயெல்லாம் நம்பறியா நீ?"

"நான் நம்பறேனா இல்லையாங்கறது வேற விஷயம். உன் மெஷின் நம்புது பாரு."

எரிச்சலில் பாக்கெட்டைக் குப்பையில் எறிந்தேன். சமையலறைக் கதவருகே அம்மா நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கம்ப்யூட்டரை எழுப்பி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சட்டங்கள் வரத் தொடங்கின. ஒன்றின் மேல் ஒன்றாக, நத்தை வேகத்தில். குடைகள் நீலத்துக்குள் மிதந்தன. கப்பல் அடிவயிறு ஒன்று கடந்துபோக, தெரு முழுவதும் அதன் நிழல் வழுக்கிப் போனது. புயல் வெளியே இரைந்தது, ஹெட்போனுக்குள் அது வெகு தூரத்தில் யாரோ கோலிக்குண்டுகளைக் கொட்டுவது மாதிரி கேட்டது. எப்போது அணையும் என்று பயந்து பயந்து, பயப்படவும் அலுத்துப்போய், கண் சொருகி, அந்தப் பஸ் ஸ்டாப்பில் நானும் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். பஸ் வந்தது. டிரைவர் இருக்கையில் ஒரு மீன். டிக்கெட் கேட்கவில்லை.

அணையவில்லை. இத்தனை நேரம் அது இடைவிடாமல் ஓடியதே இல்லை.

கதவு திறந்தது. அம்மா. மழைக்கோட்டு உடம்போடு ஒட்டி, முடியிலிருந்து தண்ணீர் ஓட, கையில் புதுப் பச்சை பாக்கெட். மூலைக் கடை புயலிலும் திறந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இந்தக் காற்றில் பலகைகள் பறக்கிற தெருவில் ஒரு பொரி பாக்கெட்டுக்காகப் போய்வந்திருக்கிறாள்.

"உனக்கென்ன பைத்தியமாம்மா?"

"தேதி பாத்துத்தான் வாங்கினேன். அடுத்த வருஷம் வரைக்கும் வரும்." இரண்டு கையாலும் பிடித்துப் பெட்டியின் மேல் வைத்தாள். திரையைப் பார்த்தாள். குடைகள் மிதந்துகொண்டிருந்தன. "ஓடுதா?"

"நீ போனதுலேர்ந்து ஓடுது."

"பாத்தியா?" முகமெல்லாம் சிரிப்பு. "வாங்கப் போறேன்னு தெரிஞ்சதுமே அடங்கிடுச்சு."

எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. உள்ளுக்குள் நானும் அதையேதான் நினைத்தேன், அதை வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அம்மா ஈரக்கோட்டைக் கழற்றிக்கொண்டே கீழே பார்த்தாள். என் மேஜைக்குப் பக்கத்தில், அறைக் காற்றிலிருந்து ஈரம் இழுக்கிற மெஷின். அதன் தொட்டி நிறைந்து சிவப்பு விளக்கு எரிந்தது. "நான் ஒருத்தி இல்லன்னா இந்தத் தண்ணிய யாரும் கொட்ட மாட்டீங்க" என்றாள். தொட்டியை உருவிக் குளியலறையில் கொட்டிவிட்டு வந்தாள். திரும்பத் தள்ளினாள். மெஷின் ஒரு உறுமு உறுமியது.

திரை கறுத்தது.

"என்னத்தத் தொட்ட?" என்று நான் கத்தினேன். நனைந்த கோழி மாதிரி நின்றவளைப் பார்த்துத்தான் கத்தினேன்.

"தண்ணியக் கொட்டினேன்! கொட்டக் கூடாதா? நேத்தும் நாலு தடவ கொட்டினேன். அப்பல்லாம் சும்மா இருந்துட்டு இப்ப கத்தற!"

நேற்றும் நாலு தடவை.

நான் நாற்காலியை விட்டு இறங்கி மேஜைக்கு அடியில் தவழ்ந்து போனேன். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் கம்ப்யூட்டர். அதற்குப் பக்கத்து ஓட்டையில் ஈரம் இழுக்கிற மெஷின். அதைச் சொருகியவள் நான்தான். அம்மா அறையில் கிடந்ததை, கார்டு வந்த அன்றைக்கு, ஈரம் பட்டுவிடக் கூடாதென்று இழுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். இந்த ஊரில் எதன் மேல் பிரியமோ அதன் பக்கத்தில் அந்த மெஷினை வைப்போம். தோல் ஷூ, கல்யாணப் போட்டோ, கிடார். அதன் உறுமல் எங்கள் காதில் விழுவதில்லை, நம் மூச்சு நமக்குக் கேட்காத மாதிரி. ஹெட்போன் வேறு. ஓடிக்கொண்டிருக்கும்போது அது தொந்தரவில்லை. தொட்டியைக் கொட்டிவிட்டுத் திரும்பக் கிளம்பும்போதுதான், முதல் உறுமலில், லைனிலிருந்து ஒரு வாய் மின்சாரத்தைப் பெரிதாக விழுங்குகிறது. பழைய கார்டு கொஞ்சமாகத் தின்கிற கார்டு, அந்தத் தள்ளாட்டம் வந்தாலும் தாங்கிக்கொண்டிருக்கும். புதுக் கார்டு பெருந்தீனி. காலேஜ் காலத்து பவர் சப்ளைக்கு மூச்சு முட்டி விழுகிறது. அவள் தெருவில் இருந்தபோது தொட்டி நிறைந்து மெஷின் சும்மா நின்றது. அதனால் ஓடியது.

மேஜைக்கடியிலிருந்தே இதைச் சொன்னேன்.

அம்மா குனிந்து என்னைப் பார்த்தாள். "அப்போ பேயும் இல்ல, பொரியும் இல்ல?"

"இல்ல."

"நாலு வருஷம் காலேஜ்ல ஒரே பிளக்குல ரெண்டு சொருகக் கூடாதுன்னு சொல்லித் தரலியா?"

"வேற பிளக் எங்க இருக்கு? வீடு முழுக்க ஒரே லைன், உன் ரைஸ் குக்கரோட சேத்து."

"அப்ப இன்னிக்குச் சோறும் ஆக்கப் போறதில்ல" என்றாள்.

ஈரம் இழுக்கிற மெஷினைப் பிடுங்கினேன். கம்ப்யூட்டரை எழுப்பினேன். அதற்குள் மதியம் சாய்ந்துவிட்டது. மீதியிருந்த சட்டங்களைக் கணக்குப் போட்டேன். இதே தரத்தில் வரைந்தால் ஐந்து மணிக்கு முடியாது. கடைசிப் பகுதிக்கு மட்டும் தரத்தை இறக்கினேன். வெளிச்சத்தைக் குறைவாகக் கணக்குப் போடச் சொன்னால் படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளி விழும். வேறு வழியில்லை.

உறுமல் நின்றதும் வீடு வேறு வீடானது. முதல் தடவையாக அதன் அமைதி எனக்குக் கேட்டது. மெதுவாக ஈரம் உள்ளே வந்தது. சுவர் வியர்த்தது. தரை ஓடுகளில் மெல்லிய தண்ணீர்த் தோல் படர்ந்து, திரையின் நீலம் அதில் கரைந்து கிடந்தது. அம்மா வெறுங்காலோடு நடந்தபோது அவள் அடியில் நீலம் கலைந்து திரும்பக் கூடியது. அவள் பழைய துண்டால் சுவரை, ஜன்னல் விளிம்பை, மேஜைக் காலைத் துடைத்துப் பிழிந்துகொண்டே இருந்தாள். நாங்கள் இருவரும் படத்துக்குள்தான் இருந்தோம், கப்பல்களுக்கு அடியில், யாரும் பார்க்காத அந்த இன்னொரு கீலுங்கில்.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் கடைசிச் சட்டம் வந்தது. முழுவதும் ஓட விட்டேன். கடைசிப் பகுதியில், ஜெல்லி மீனாகிய குடை மேலே போகும்போது, தண்ணீர் முழுக்கப் பொடிப் புள்ளிகள் நடுங்கின. கோபம் வந்தது. இந்தக் கோபம் யார் மேல் என்று யோசிக்க நேரமில்லை.

அம்மா பிழிந்த துண்டோடு பின்னால் நின்று பார்த்தாள். "மொதல்ல ரொம்பச் சுத்தமா இருந்துச்சு. அது எந்த ஊரோ. இங்கதான் நம்ம ஊரு வந்துச்சு" என்றாள்.

"அது பிழைம்மா."

"தூறல் மாதிரிதான் இருக்கு."

அனுப்பினேன். கூடவே ஒரு வரி: கடைசிப் பகுதியில் புள்ளிகள் இருக்கின்றன, தெரிந்தேதான் அனுப்புகிறேன்.

அரை மணி கழித்துப் போன் வந்தது. ஸ்டுடியோவிலிருந்து பாங் என்ற பெண். குரலில் வெயில் அடித்தது. "கீலுங்தானே நீங்க? புயல் எப்படி? வடக்குப் பக்கத்து ஆளுங்க எல்லாரும் காலையிலேயே மெயில் போட்டாங்க, லீவு, கரண்ட் போகும், ரெண்டு நாள் வேணும்னு. குடுத்துட்டோம். நீங்க ஏன் கேக்கல?"

"கேக்கலாம்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

கேட்டால் கிடைக்கும் என்பதை அப்பா அம்மா சாப்பாட்டு மேஜையிலேயே சொல்லித்தருகிற வீடுகள் இருக்கின்றன. நாங்கள் சொன்ன நேரத்துக்குக் கொடுக்கிற குடும்பம். புயலில் மீன் அப்பம் பொரிக்கச் சொன்னாலும் அம்மா போய் நிற்பாள். எனக்கு அந்த நொடியில் அந்த மெயில்காரர்கள் மேல் வந்த கோபம், அவர்கள் செய்தது தப்பில்லை என்பதால் இன்னும் கூடியது.

"சரி, உங்களுக்கும் ரெண்டு நாள் உண்டு" என்றாள் பாங். "அந்தப் புள்ளிய எடுத்துட்டு அனுப்பறீங்களா?"

திரையில் படம் தானாகத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. குடை தூறலுக்குள் மேலே போய்க்கொண்டிருந்தது. அம்மா தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சோற்றுக்குப் பதிலான நூடுல்ஸ் கிண்ணத்தை மறந்து அதைப் பார்த்தபடி இருந்தாள்.

"வேண்டாம்" என்றேன். "முதல் பாதியத்தான் மாத்தணும். அதிலயும் அதே புள்ளி வேணும். அதுக்கு ரெண்டு நாள் குடுங்க."

பாங் சிரித்தாள். நேர்முகத்தில் அந்த ஆள் சிரித்த மாதிரி இல்லை. "அத எப்படிச் செய்வீங்கன்னு எங்க ஆளுங்க பாக்கணும். திங்கட்கிழமை கொண்டு வாங்க, நேர்ல. வேலை பத்தியும் பேசிக்கலாம்."

வைத்ததும் அம்மா கேட்டாள், "என்னவாம்?"

"திங்கட்கிழமை வரச் சொல்றாங்க."

"அதுக்குள்ள புயல் லீவு முடிஞ்சிடுமா?"

"அவங்களுக்கு லீவு இல்லம்மா."

அவள் தலையாட்டிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினாள். கப்பல் ஒன்று எங்கள் இருவர் மேலும் நிழலை இழுத்துக்கொண்டு மெதுவாகக் கடந்தது.