வீடு பார்க்க வந்த கார்டு

எங்கள் ஊரில் கம்ப்யூட்டரில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டை யாரும் கடைக்குப் போய்த் தேர்ந்தெடுப்பதில்லை. கார்டுதான் வீடு பார்க்க வரும். பிடித்திருந்தால் தங்கும், பிடிக்காவிட்டால் வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிடும். நாமக்கல்லில் இதுதான் வழக்கம். வழக்கத்தில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. வருகிற கார்டுகளின் திமிரில்தான் ஆட்சேபம்.

என் பழைய கார்டு தை மாதக் கடைசியில் கருகிப்போனது. போகிற போக்கில் மெமரி ராமையும் கூட்டிக்கொண்டு போனது. அன்று நானும் தேன்மொழி அக்காவும் கம்ப்யூட்டர் விளையாட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தோம். அக்கா மஸ்கட்டில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள், தனி ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள், நான் இங்கே உட்காருவேன். இரண்டு பேரும் ஒரே சாலையில் லாரி ஓட்டுவோம். அவள் லாரி முன்னால் போகும், என் லாரி பின்னால் போகும். போனில் எங்களுக்குப் பேச வராது. சாப்பிட்டாயா, அங்கே மழையா என்பதோடு சரக்கு தீர்ந்துவிடும். லாரியில் ஏறினால்தான் வாய் திறக்கும். அன்று அவள், "உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்டா. இந்தப் பாலம் தாண்டட்டும்" என்றாள். பாலத்தின் நடுவில் திரை அணைந்தது.

அதன் பிறகு போனில் பலமுறை கேட்டுவிட்டேன். "லாரில சொல்றேன்" என்பதைத் தவிர அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. குரல் மட்டும் முன்பைவிடத் தெளிவாக, பக்கத்து அறையிலிருந்து பேசுவது போலக் கேட்டது. நெட்வொர்க்கைச் சரிசெய்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எனவே கார்டு அவசரமாகத் தேவைப்பட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் மாதேஸ்வரனிடம் சொல்லி வைத்தேன். கார்டுகளை வீடுகளுக்கு அழைத்துவருகிறவர் அவர்தான். முதலில் வந்த கார்டு என் பவர் சப்ளையின் வாட்டைக் கேட்டுவிட்டு ஆட்டோவை விட்டே இறங்கவில்லை. இரண்டாவது, கம்ப்யூட்டர் கேபினட்டுக்குள் படுத்துப் பார்த்துவிட்டுக் கால் நீட்ட இடமில்லை என்றது. அதே கேபினட்டில்தான் என் பழைய கார்டு ஒரு குறையும் சொல்லாமல் எட்டு வருஷம் குடித்தனம் நடத்தியது. 

மூன்றாவது கார்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. மூன்று விசிறி, முதுகில் தகடு, பதினாறு ஜிபி. கூடவே ஒரு ஜோடி ராம்களும் வந்தன. என் மனைவி பரிமளா சோபாவுக்குப் புது விரிப்புப் போட்டு, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்திருந்தாள். கார்டு நடு சோபாவில் உட்கார்ந்தது. ராம்கள் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தன. மாதேஸ்வரனுக்கு வாழைக்காய் பஜ்ஜி வைத்தோம்.

கார்டு நேரடியாகப் பேசாது. மாதேஸ்வரன் குனிந்து கேட்டு நிமிர்ந்து சொல்வார்.

"முன்னாடி இருந்தவங்க எப்படிப் போனாங்கன்னு கேக்கறாங்க."

"சூடுங்க."

"தூசியெல்லாம் தட்டுவீங்களான்னு கேக்கறாங்க."

"போன மாசங்கூட மூடியக் கழட்டி ஊதுனேனுங்க."

அது உண்மை. ஊதியபோது உள்ளே ஒரு தும்மல் கேட்டது. அவ்வளவு தூசி சேர்ந்திருந்தது.

"வீட்ல எத்தனை பேருங்கறாங்க."

"நானும் பரிமளாவும். ரெண்டு பேரு."

கார்டின் விசிறிகள் ஒரு சுற்று சுற்றி நின்றன. "இல்லீங்க, மூணு பேருங்கறாங்க" என்றார் மாதேஸ்வரன்.

"ரெண்டு பேருதானுங்க."

"சரி, உங்களுக்குத் தெரியலைன்னா போகட்டுங்கறாங்க."

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுத் தலைகளை எண்ண எனக்குத் தெரியாதா? கார்டு எதிர்வீட்டில் வேறு எங்களைப் பற்றி விசாரித்துவிட்டு வந்திருந்ததாம். மத்தியானத்தில் இந்தத் தெருவில் வோல்டேஜ் இறங்கும் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதையும் மாதேஸ்வரன் எடுத்துச் சொன்னார். பொறுத்துக்கொண்டேன்.

"என்ன விளையாட்டு ஓட்டுவீங்கன்னு கேக்கறாங்க."

"லாரிங்க."

கார்டின் விசிறிகள் விருட்டென்று சுற்றின. மாதேஸ்வரன் நெடுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது அவர் பஜ்ஜியைப் பார்த்துத்தான் பேசினார். "சண்டை விளையாட்டு எதுவும் இல்லையான்னு கேக்கறாங்க. கேவலம் லாரிக்கு நான் எதுக்குன்னு..."

பரிமளா எழுந்து, அவர் முன்னால் இருந்த பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு லாரியைக் கேவலம் என்று சொன்னவர்களுக்கு இந்த அளவு மரியாதை போதும்.

"அவுங்க உக்காந்திருக்கற சோபாவே லாரில வந்ததுதான்னு சொல்லுங்க" என்றேன். "அவுங்களே உங்க கடைக்கு லாரிலதான் வந்தாங்கன்னும் சொல்லுங்க. எங்கக்கா ரெண்டு மாசமா ஒரு பேச்சை வாயில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அவ சொல்றத நான் கேக்கோணும். அதுக்குத்தான் கார்டு, சண்டை போடறதுக்கில்ல."

மாதேஸ்வரன் அப்படியே சொன்னார். கார்டு முடிவைச் சொன்னது. ஃபேன் காற்று நன்றாக வருவதால் தங்கிக்கொள்ளும். ஆனால் லாரிப் படம் காட்டாது.

தங்குகிறேன் என்று சொன்ன கார்டைத் திருப்பி அனுப்ப வழியில்லை. இடத்தையும் அடைத்துக்கொண்டு வேலையும் செய்யாது என்றால் வேறு கார்டும் வர முடியாது. இதைவிடப் பெரிய அயோக்கியத்தனத்தை நான் பார்த்ததில்லை. மாதேஸ்வரன் தலையைச் சொறிந்துகொண்டே அதைப் பொருத்திக் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கிளம்பினார்.

ராம்களை நானே மாட்டினேன். உள்ளே அவற்றுக்கு நான்கு இடம் உண்டு. ஜோடி ராம்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்காராது, இடையில் ஓர் இடம் விட்டுத்தான் உட்காரும். ஒன்று இரண்டாவது இடத்திலும் இன்னொன்று நான்காவது இடத்திலும் உட்கார்ந்தன. சுவிட்சைப் போட்டேன். லாரி எஞ்சின் சத்தம் கேட்டது. திரை கறுப்பாகவே இருந்தது.

"படம் வெளிய இருக்கறவங்களுக்குத்தானுங்க" என்றது ராம்களில் ஒன்று. அவை இரண்டும் தங்கமானவை. "உள்ள வந்துட்டா படம் எதுக்குங்க? எங்களுக்கு நடுவுல எடம் காலியாத்தான் இருக்கு."

நியாயமாகப் பட்டது. கால் கழுவி, ஒரு எலுமிச்சம்பழத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மூன்றாவது இடத்தில் உட்கார்ந்தேன். பரிமளா தோளைப் பிடித்து அமுக்கினாள். டக்கென்று கிளிப் விழும் சத்தம் வந்தால்தான் சரியாக உட்கார்ந்ததாக அர்த்தம். வந்தது.

"ரசம் ஆறறதுக்குள்ள வந்துருங்க" என்றாள்.

பக்கத்து ராமைத் தாண்டி எட்டிப் பார்த்தேன். முதல் இடத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் பெட்டி இருந்தது.

"பாலம் தாண்டியாச்சா?" என்றாள்.

"தாண்டியாச்சுக்கா. சொல்லு."

"ஆஸ்பத்திரில ஆள் குறைச்சுட்டாங்கடா. வீட்டையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. உங்க வீட்டுக்கு வரட்டுமான்னு கேக்கத்தான் அன்னைக்கு வாயத் தொறந்தேன், அதுக்குள்ள கார்டு போயிருச்சு. கேக்காம எப்படி உள்ள வர்றது? அதான் இங்க வரைக்கும் வந்து உக்காந்துட்டேன்."

"ரெண்டு மாசமா?"

"நீ ஊதுனப்பத் தும்முனேன். நீ மூடியப் போட்டுட்டுப் போயிட்ட."

கார்டின் மேல் எனக்கு வந்ததெல்லாம் கோபமே இல்லை, அக்காவை நினைத்த தவிப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. "தம்பி வீட்டுக்கு வர்றதுக்கு யாராச்சும் கேப்பாங்களாக்கா?" என்றேன்.  அவள் பெட்டியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சரி, எடு வண்டிய" என்றாள்.

முன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்தேன். அங்கிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குச் சாலை கார்டின் வழியாகத்தான் போகிறது. அது கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் வழியெல்லாம் இருட்டு. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டோம். அக்கா முன்னால் போனாள், நான் பின்னால் போனேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தபோது பரிமளா மூன்று தட்டு வைத்திருந்தாள். ரசத்தில் இன்னும் ஆவி பறந்தது.