முன் டயரும் ஒரு கருப்பு நாயும்

1

மனிதன் தன்னை முழுவதுமாக அறிந்துகொள்ளும் இடம் உலகில் ஒன்றே ஒன்றுதான். அது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கிறது.

இந்த வாக்கியம் என்னுடையதல்ல. திருப்பூரை அடுத்த அருள்புரத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் இளங்குமரன், ஒரே மாடல் கார் வைத்திருப்பவர்களுக்கான தன் குழுவின் வாட்ஸப்பில் ஒரு திங்கட்கிழமை காலை எழுதியது. பதினெட்டுப் பேர் கைகூப்பினார்கள். குழுவில் அவரைத் தவிர அந்தக் காரை வைத்திருப்பவர்கள் பதினொரு பேர்தான். மிச்சம் ஏழு பேர் அவருடைய கம்பெனி சூப்பர்வைசர்கள்.

கதை பிறந்த விதத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். குழுவின் மூன்றாம் ஆண்டு விழாவுக்கு மலர் போடுவது என்று முடிவாயிற்று. இந்த ஊரில் எதற்கும் மலர் போடுவார்கள். விளம்பரம் கொடுக்க நூல்காரரும் பட்டன்காரரும் இருக்கும்வரை அதற்குத் தடையில்லை. 'நம் காரில் பிடித்ததும் பிடிக்காததும்' என்று நான்கு பக்கம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். நான்கு பக்கத்துக்கு விஷயம் கிடைத்தது. கூடவே ஒரு நாயும் கிடைத்தது. நாயை மலரில் சேர்க்க முடியாது என்பதால் இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'காற்றாலைகள் சுழலும் தாராபுரம் சாலையில் ஒரு செந்நிற மின்னல்—'

[மேலே போக முடியவில்லை. மின்னல் என்றால் வேகத்தடையில் அடிவயிறு உரசக் கூடாது. இது உரசும்.]

பிறகு இப்படி: 'இளங்குமரன் வேகத்தை நேசித்தார்.'

[இதுவும் பொய். அவர் நேசித்தது வேகத்தைப் பற்றிப் பேசுவதை. ஓட்டும்போது நாற்பதைத் தாண்டினால் ஹாரன் அடித்துக்கொண்டே போவார்.]

ஆக, உள்ளது உள்ளபடி. நாற்பத்தாறு வயதில், கார் ஓட்டுவது ஒரு கலை என்று இளங்குமரனுக்குத் தோன்றிவிட்டது. பந்தயக் காரின் குணத்தைக் குடும்பக் காருக்குள் மடித்து வைத்தாற்போன்ற ஒரு சின்ன வண்டியை வாங்கினார். எஞ்சின் முன்னால், இழுப்பதும் முன்சக்கரங்கள்தான். நிறம் சிவப்பு என்று நாம் சொல்வோம். அவர் துணிக்குச் சாயம் தேர்வு செய்யும் ஷேடு கார்டில் இருக்கும் எண்ணைச் சொல்வார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பல்லடம் சாலையில் ஒரு பேக்கரி முன்னால் குழு கூடும். தேங்காய் பன், டீ, கார். இந்த மூன்றில் எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் காரில்தான் வந்து நிற்கும்.

"மூணாவது கியர்ல நல்லா மிதிச்சா, ஸ்டீயரிங் கையப் புடிச்சு ஒரு பக்கமா இழுக்குதுங்க. என்ற சம்சாரங்கூட அப்பிடி இழுத்ததில்லீங்க" என்றார் சாயப்பட்டறை செங்கோட்டையன்.

"முன் டயரு செருப்பு மாதிரி தேயுதுண்ணே. பின்னாடி டயரு பண்ணையார் கணக்கா சும்மா உருண்டுட்டு வருது" என்றார் ரோஸ்மேரி. தூத்துக்குடிக்காரர், ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், அதே வண்டியை இரண்டாம் கையாக வாங்கியவர், குழுவிலேயே மிகப் பொறுமையான ஓட்டுநர்.

வளைவில் கண் போகும் இடத்துக்கு வண்டியின் மூக்கு போகும், கியர் டக்கென்று விழும் என்ற நல்ல வார்த்தைகளும் வந்தன. ஆனால் அவற்றைச் சுருக்கமாகச் சொன்னார்கள். குறைகளைச் சொல்லும்போதுதான் முகம் மலர்ந்தது. 'எங்க பையன் எதச் சொன்னாலும் கேக்க மாட்டான்' என்று விருந்தாளியிடம் பெற்றோர் சொல்வார்களே, அந்தத் தொனி. குறை சொல்லும் உரிமை சொந்தக்காரனுக்கு மட்டும்தானே உண்டு. அதே குறையை அடுத்தவன் சொன்னால் சண்டை.

ஸ்டீயரிங் இழுப்பதற்கு இளங்குமரனிடம் தீர்ப்பு இருந்தது. "நூல்லயே முறுக்கு இருக்குதுங்க. பனியனத் தொவைச்சா பக்கத் தையல் திரும்பித் தொப்புளுக்கு வந்துருது. அஞ்சு பர்சென்ட் வரைக்கும் வெளிநாட்டு பையரே ஒத்துக்கறான். வண்டி கொஞ்சம் முறுக்கிக்கிட்டா மட்டும் நாம ரிஜெக்ட் பண்றதுங்களா?"

அன்றுமுதல் அவரைக் குழுவில் 'ஆசான்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். அவர் வேண்டாம் என்று ஒரு முறை சொன்னார்.

3

டயருக்கு வருகிறேன். [மலரில் டயர் ஒரு பத்திதான். இங்கே கதையே அதன்மேல்தான் நிற்கிறது.]

புரட்டாசியில் முன் டயர் இரண்டும் வழுக்கையாகிவிட்டன. பின் டயர்கள் முக்கால்வாசி தேய்ந்தவை, ஆனால் ஓடும். இளங்குமரன் புது டயர் இரண்டு வாங்கிக்கொண்டு மெக்கானிக் முனீஸின் கடைக்குப் போனார்.

"சார், பின்னாடி இருக்கத முன்னாடி மாத்திட்டு, புதுச பின்னாடி போட்டுருவோம்" என்றார் முனீஸ்.

"இழுக்கறது எதுங்க?"

"முன்னாடி."

"நிட்டிங் மிசின்ல ஊசி தேஞ்சா, தேஞ்ச எடத்துலதான் புது ஊசி போடறோம். சும்மா இருக்கற எடத்துல போடுவமா?"

"இது ஊசி இல்ல சார். மழையில—"

"போடுங்க."

முனீஸ் போட்டார். அவர் சொல்லி முடிக்காததை நான் பிறகு போய்க் கேட்டுக்கொண்டேன். ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பக் கிடைக்கும். பின்பக்கம் வழுக்கினால், காலை எடுப்பதுதான் தப்பு. வண்டி ஒரு சுற்றுச் சுற்றிவிடும். அதனால் எந்தச் சக்கரம் இழுத்தாலும் நல்ல டயர் பின்னால்.

அன்று மாலையே குழுவில் இளங்குமரனின் பதிவு வந்தது: 'புது டயர் ஏன் முன்னால்? ஓர் அறிவியல் விளக்கம்.' பதினான்கு பத்தி. ஊசி உவமை மூன்றாம் பத்தியிலேயே வந்துவிடுகிறது. அறிவியல் வருவதற்குள் பதிவு முடிந்துவிடுகிறது.

4

ஐப்பசி. நண்பகல். மழை விட்டு விட்டுப் பெய்தது. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு நிட்டிங் யூனிட்டில் துணியில் கோடு விழுகிறது என்று புகார்; பார்க்க இளங்குமரனும் மனைவி மதுமதியும் போனார்கள். கம்பெனியில் தரம் பார்ப்பது மதுமதிதான். அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு பெட்டியும் லாரி ஏறாது.

ஒரு வளைவு. பெரியதில்லை. இளங்குமரன் வழக்கம்போல நாற்பதில் வந்தார், தண்ணீரைப் பார்த்ததும் சட்டென்று காலை எடுத்தார். பின்பக்கம் நழுவியது. சாலை, மின்கம்பம், ஒரு பிள்ளையார் கோயில், மறுபடி சாலை எல்லாம் கண்ணாடியில் வரிசையாக வந்துபோயின. வண்டி பின்னோக்கிப் போய், ஒரு குடோன் வாசலில் அடுக்கியிருந்த பனியன் கழிவு மூட்டைகளுக்குள் மெத்தென்று உட்கார்ந்தது.

ஒருவருக்கும் கீறல் இல்லை. மூட்டை தூக்கிக்கொண்டிருந்த வடநாட்டுத் தொழிலாளி ஒருவர் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, "கோயி பாத் நஹி, சேட்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, சரிந்த மூட்டையை நிமிர்த்தினார்.

மதுமதி மடியில் இருந்த கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார்.

"நாய் குறுக்க வந்துருச்சு அம்மிணி" என்றார் இளங்குமரன்.

5

இந்த நாய் என்ற பாத்திரத்தின்மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கையில்லை. அதற்கு முன்கதை இல்லை. வந்த திசை இல்லை. போன திசையும் இல்லை. இருந்தாலும் இளங்குமரனுக்காக நான்கு வரி எழுதிப் பார்த்தேன். 'ஈரத்தில் நனைந்த அந்த வாயில்லா ஜீவன், மரணத்தின் விளிம்பில்—' [அடித்துவிட்டேன். இல்லாத நாய்மேல் இவ்வளவு இரக்கம் ஆகாது.]

மதுமதிக்கும் அதே சந்தேகம். அவர் வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் பார்த்தது மூட்டையையல்ல. பின் டயரைக் குனிந்து பார்த்து, நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்த்து நிமிர்ந்தார். விசாரணை சாயங்காலம் வீட்டில் நடந்தது.

"ஏனுங்க, நாய் என்ன நெறமுங்க?"

"கருப்பு."

"பெருசுங்களா?"

"நம்ம தோட்டத்து நாயளவு இருக்கும்."

"தோட்டத்துல இருக்கறது குட்டிங்க."

"அப்ப குட்டிதான்."

"குட்டிக்கா வண்டி அந்தச் சுத்துச் சுத்துச்சு?"

இளங்குமரன் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

"பாருங்க" என்றார் மதுமதி. "கோளாறு எங்கன்னு தெரியாத பீஸை நான் பாஸ் பண்றதில்லீங்க. ஆள்கிட்ட கோளாறுன்னா சொல்லுங்க, பேசித் திருத்திக்கலாம். ஆள்மேல ஒண்ணுமில்ல, நாய்மேலதான்னா, நாய்க்கெல்லாம் சுத்தற வண்டி இந்த ஊட்டுல வேண்டாம். வித்தறலாம்."

இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. 'டயரை மாற்றிப் போடச் சொன்னது நான்தான்' என்ற ஒரு வாக்கியத்தை இளங்குமரன் சொன்னால் கார் மிஞ்சும், ஆசான் போய்விடுவார். சொல்லாவிட்டால் ஆசான் மிஞ்சுவார், கார் போய்விடும். கார் இல்லாத ஆசான் எதற்கு என்பதை அவர் அப்போது யோசிக்கவில்லை. அந்த வாரமே வண்டி விற்பனைக்கு என்று விளம்பரம் போட்டார்கள்.

6

[இந்தப் பகுதியை இளங்குமரன் மறுப்பார். முனீஸ் மறுக்க மாட்டார்.]

அடுத்த ஞாயிறு பேக்கரியில் ரோஸ்மேரி சொன்னார்: "நாளைக்கு அம்மாவக் கூட்டிட்டு வால்பாறை போறேண்ணே. நீங்க எழுதுன மாதிரியே புது டயரு ரெண்டையும் முன்னாடி போட்டுட்டேன். பழச தூக்கிப் பின்னாடி போட்டாச்சு."

இளங்குமரனின் வாயில் பன் நின்றுவிட்டது. வெளியே தூறிக்கொண்டிருந்தது. வால்பாறைக்கு எத்தனை கொண்டை ஊசி வளைவு என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றியும் ஒரு பதிவு எழுதியிருக்கிறார்.

அவர் அப்போதே சொல்லியிருக்கலாம். எதிரில் பத்துப் பேர் இருந்தார்கள். பத்துப் பேரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மலைக்குப் போற வண்டி கண்ணு. முனீஸ்கிட்ட உட்டுட்டு வா, காத்து கீத்து பாத்துத் தருவாப்ல" என்றார். ரோஸ்மேரி வண்டியை விட்டுவிட்டு வந்து இரண்டாவது டீ சொன்னார். இளங்குமரன் பேக்கரிக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த இடத்துக்குப் போய் முனீஸை ஃபோனில் பிடித்தார்.

"அந்த வண்டில முன்னாடி இருக்கறத பின்னாடி மாத்திருங்க. அவங்ககிட்ட சொல்ல வேண்டாம்."

"சார், நீங்க குரூப்புல வேற மாதிரில்ல எழுதிருக்கீங்க?"

"மலைக்கு வேற சயின்ஸுங்க."

ரோஸ்மேரி பத்திரமாகப் போய்விட்டு வந்தார். வந்ததும் குழுவில் எழுதினார்: 'செம மழை. வண்டி கொஞ்சங்கூட ஆடல. இளங்குமரன் அண்ணன் சொன்ன டயர் ஐடியா சூப்பர்.' பதினெட்டுப் பேர் கைகூப்பினார்கள். அதில் ஒரு கைகூப்பைப் போட்டது இளங்குமரன்; போட்டுவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.

இரண்டு பெண்களின் உயிரைக் காப்பாற்றியதற்காக அந்த மனிதரை நான் மதிக்கிறேன். அதை விறகுக்குப் பின்னால் நின்று செய்ததற்காக என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. துணிச்சலும் கூச்சமும் ஒரே ஆளிடம், ஒரே ஃபோனில் இருந்தால் கதைக்காரன் எந்தப் பக்கம் நிற்பது?

7

இப்போது முடிவு. மடத்துக்குளத்திலிருந்து நித்தீஷ் என்ற இளைஞரும், தென்னந்தோப்பு வைத்திருக்கும் அவர் அப்பா சுப்பண்ணனும் வண்டி பார்க்க வந்தார்கள். மலருக்குப் படம் எடுக்க நானும் போயிருந்தேன். பேச்செல்லாம் முடிந்த பிறகு, வாசலில் நின்று சுப்பண்ணன் கேட்டார்:

"இத்தன நல்ல வண்டிய எதுக்குங்க விக்கறீங்க?"

மோர் டம்ளர்களோடு வந்த மதுமதி நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். இளங்குமரன் வாயைத் திறந்தார்.

முதல் முடிவு: "பெரிய வண்டி ஒண்ணு எடுக்கலாமுன்னுங்க." மதுமதி மோரைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிறார். மிகவும் நம்பத்தகுந்த முடிவு. எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது: "வண்டில ஒண்ணுமில்லீங்க. தப்பு என்மேலதான்." மதுமதி தட்டைக் கீழே வைத்து, "அப்ப விக்க வேண்டாமுங்க" என்கிறார். எனக்குப் பிடித்திருக்கிறது, அதனாலேயே நம்பிக்கையில்லை.

மூன்றாவது: உண்மையைச் சொல்கிறார், ஆனால் பாடமாக. புது டயர் ஏன் பின்னால் போட வேண்டும் என்று அரை மணி நேரம். 'சில பேர்' முன்னால் போடுகிறார்கள் என்று வருத்தப்படுகிறார். சுப்பண்ணன் தலையாட்டுகிறார். மதுமதி அந்தச் 'சில பேரை'க் கண் எடுக்காமல் பார்க்கிறார். இளங்குமரனைத் தெரிந்தவர்கள் இதற்குத்தான் ஓட்டுப் போடுவார்கள்.

நீங்கள் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கார் இன்று எந்த ஊரில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும், சொல்லிப் பயனில்லை. உண்மையைச் சொன்ன பிறகும் வண்டி விற்றிருக்கலாம். பொய்யைக் கேட்டுச் சந்தேகப்பட்டு வாங்காமல் போயிருக்கலாம். நமக்கு வேண்டியது வண்டியல்ல, அந்த ஒரு வாக்கியம்.

அங்கேயே இருந்தாயே, அவர் என்னதான் சொன்னார் என்று கேட்பீர்கள். நியாயம்தான்.

சற்று முன்னால்தான் சுப்பண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்து, "எங்க ஊட்டுக்காரி உங்க ஒசரந்தானுங்க, பின்னாடி ஏறி உக்காந்து காட்டுங்க" என்றிருந்தார். நான் ஏறினேன். சுப்பண்ணனின் கேள்வி காதில் விழுந்த கையோடு நித்தீஷ் கதவைச் சாத்தி, எஞ்சினைப் போட்டு, ஆக்சிலேட்டரை மிதித்தார். இளங்குமரனின் உதடு அசைந்தது தெரிந்தது. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் என் முழங்கால் மாட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் சேர்ந்துதான் என்னை வெளியே இழுத்தார்கள்.