ஆண்டர்மாற்றில் மூன்று இரவுகள்

நான் கேட்டது மூன்றே மூன்று இரவுகள். சுவிஸ் மலைகளுக்கு நடுவில் ஆண்டர்மாற் என்று ஒரு சின்ன ஊர். பனிச்சறுக்குக்காரர் வந்து இறங்குகிற ஒரு ரயில் நிலையம், ஒரு கிறிஸ்தவக் கோயில், ஒரு நீளத் தெரு, அவ்வளவுதான். அங்கே ஜன்னலோரம் இருந்து, வேறு யாரோ போட்டுத் தருகிற கோப்பியைக் குடித்துக்கொண்டு பனி விழுவதைப் பார்க்க வேண்டும். சறுக்கப் போகவில்லை. ஐம்பத்தேழு வயதில் எலும்பை முறிக்க எனக்கென்ன விசரா?

அந்த ஊரைப் பிடித்ததற்குக் காரணம், அங்கே என் கணவர் தோமஸின் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை.

ஒக்லாந்து விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் இடத்தில் இருபத்தொரு வருடமாக வேலை செய்கிறேன். அத்தனை வருடத்தில் நான் விமானம் ஏறியது இரண்டு செத்தவீட்டுக்கும் ஒரு கலியாணத்துக்கும். மூன்று தடவையும் போய் இறங்கியது யாரோ ஒருவரின் குசினிக்குள். அங்கே வெங்காயம் உரித்தேன், திரும்பி வந்து இங்கேயும் உரித்தேன்.

அதனால் இந்தத் தடவை டிக்கெற், ஹோட்டல் எல்லாம் நானே போட்டேன். தோமஸ் செய்ய வேண்டியிருந்தது வாயை மூடிக்கொண்டு இருப்பது மட்டும்தான். மனுசன் அன்றைக்கே சொந்தக்காரரின் வாட்ஸப் குழுவில் "வாறம்" என்று போட்டுவிட்டார்.

சுவிஸிலேயே கூர் நகரத்தில் இருக்கும் அவருடைய சித்தப்பா மகள் சுதர்ஷிகா உடனே எழுதினாள். "அண்ணா, எங்கடை வீட்டிலை ரண்டு நாளாவது நிக்கோணும்." பேர்ணிலிருந்து இரத்தினசிங்கம் மாமா கூப்பிட்டார். பிறிக்கிலிருந்து மருமகன் அனுஷன் கூப்பிட்டான். இப்படிப் பங்கு போட்டதில் என்னுடைய மூன்று இரவும் போயிற்று.

"ஆண்டர்மாற்றிலை என்னப்பா இருக்கு, பனிதானே?" என்றார் தோமஸ். "சுதர்ஷிகா வீட்டு ஜன்னலாலையும் பனி தெரியுமாம்."

"ஒரு இரவாவது விடுங்கோவன்."

"குறை நினைப்பினம், விக்ரோறியா. கிட்டப் போயிட்டு எட்டிப் பாக்காமல் வந்தால் என்ன சொல்லுவினம்?"

இந்தக் 'குறை நினைப்பினம்' என்பதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முப்பது வருடத்தில், நான் குறை நினைப்பேன் என்று இவர் ஒரு நாளாவது பயந்திருப்பாரா?

பயணத்துக்கு நான்கு நாள் இருந்தது. ஞாயிறு பின்னேரம், ஒக்லாந்தில், பாபடோயிட்டோயில் உள்ள எங்கள் வீட்டுக் கராஜுக்குள் ஜனவரிக் கோடை வெயில் கொதிக்க, தோமஸ் சூட்கேஸ் அடுக்கினார். எட்டிப் பார்த்தேன். என்னுடைய தடித்த ஜாக்கெற் நிலத்தில் கிடந்தது. அது இருந்த இடத்தில் ஆறு கிலோ சொக்லேற். சுவிஸுக்கு, சொக்லேற்.

"வெறுங்கையோடை போகேலுமே?" என்றார்.

நான் கத்தவில்லை. உள்ளே வந்து சுதர்ஷிகாவுக்கு போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். அங்கே காலை ஏழு மணி, அவள் வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தாள்.

"தங்கச்சி, உங்கடை வீட்டிலை ஒரு இரவுதான் நிப்பம். குறை நினையாதையும்."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மச்சாள், உண்மையைச் சொல்லட்டே? இது சறுக்குற சீசன். ஹோட்டலிலை ஒரு நாளைக்குப் பதினெட்டு அறை துப்பரவாக்கிறன். லீவு தரமாட்டாங்கள். மாமாவுக்கு முழங்கால் ஒப்பரேஷன். அனுஷன் வீட்டிலை கைக்குழந்தை. அண்ணா வாறன் எண்டேக்கை வேண்டாம் எண்டு என்னெண்டு சொல்லுறது? நீங்கள் குறை நினைப்பியளெண்டு மூண்டு வீட்டிலையும் பயந்துகொண்டு இருக்கிறம்."

நிமிர்ந்தேன். தோமஸ் கையில் ஒரு சொக்லேற் பெட்டியோடு வாசலில் நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

போனை வைத்துவிட்டு, "கேட்டனீங்களே?" என்றேன். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "மூண்டு இரவும் ஆண்டர்மாற்."

கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் உள்ளே வந்து கதிரையில் அமர்ந்தார்.

"அப்ப அங்கை எங்களைக் கூட்டிக்கொண்டு போக ஸ்டேஷனுக்கு ஆர் வருவினம்?"

"ஒருத்தரும் வராயினம். ஹோட்டலுக்கு ஆறு நிமிச நடை."

அவர் பெட்டியைப் பார்த்தபடி சொன்னார். "இருபது வயசிலை, காசு வாங்கி ஆக்களை வெளிநாட்டுக்கு ஏத்துற ஏஜென்சிக்காரன் என்னைச் சூரிச் ஸ்டேஷனிலை இறக்கிவிட்டவன். மாமா வருவார் எண்டு. மாமாவுக்குக் கடிதம் போய்ச் சேரேல்லை. ரண்டு நாள் அங்கை ஒரு மர வாங்கிலை குந்திக்கொண்டிருந்தனான். ரயில் வரேக்கை எல்லாம் எழும்பி நிப்பன். கடைசியிலை பொலிஸ்தான் வந்தது. ஊருக்கே திருப்பி அனுப்பிப்போட்டாங்கள்."

முப்பது வருடம். இரண்டு பிள்ளை, மூன்று வீடு. இதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அழுகையும் வந்தது, அந்தப் பெட்டியால் தலையில் ஒன்று போடவேண்டும் போலவும் வந்தது.

"இதைச் சொல்ல முப்பது வருசமே?" என்றேன்.

எதிர்க் கதிரையில் அமர்ந்து, போனில் ரயில் நேரங்களைத் தேடி எடுத்தேன்.

"இஞ்சாருங்கோ. நான் முதல் ரயிலிலை போறன். நீங்கள் அடுத்ததிலை வாங்கோ. நீங்கள் இறங்கேக்கை ஸ்டேஷனிலை நான் நிப்பன்."

"ஒரு மணித்தியாலம் குளிருக்கை நிக்கோணும், உமக்கென்ன விசரே?"

"நிப்பன்," என்றேன். "நீங்கள் ரயிலைத் தவற விடாமல் வந்து சேருங்கோ."